மொட்டை மாடில சோலார் போடவா, வாங்கப்போற கார் கூரையிலயும் போடவா? கணக்கு தெரிஞ்சவங்க சொல்லுங்க

உறையூர்வாசி:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் போயிட்டு இருந்தேன், இப்ப என் வீட்டு விஷயமே வந்துடுச்சு அதான் கேக்கறேன், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கங்க.

திருச்சில சொந்த வீடு, கீழ நாங்க மேல அப்பா அம்மா, ஒரே மீட்டர்தான். ரெண்டு ஏசி, ஒரு கீசர், போர் மோட்டார். போன ஏப்ரல் மே பில்லு 1100 யூனிட், எட்டாயிரத்துக்கு மேல வந்துச்சு. மார்கழில கூட 650க்கு கீழ எறங்கல. போதாததுக்கு அடுத்த வருஷம் எலெக்ட்ரிக் கார் ஒண்ணு எடுக்கலாம்னு இருக்கோம், மாசம் ஆயிரம் கிலோமீட்டர் ஓடும், அந்த சார்ஜும் இந்த பில்லுலதான் ஏறப்போகுது.

மூணு பேர்கிட்ட கொட்டேஷன் வாங்கினேன். ஒருத்தர் 3 கிலோவாட்டுக்கு 1 லட்சத்து 95 ஆயிரம்ங்கறார். இன்னொருத்தர் அதே 3 கிலோவாட் 1 லட்சத்து 65க்கு முடிச்சு தரேன்ங்கறார், எப்படி சார்னு கேட்டா நம்ம கிட்ட ரேட்டு அப்படித்தான்னு சிரிக்கறார். மூணாமத்தவர் இதெல்லாம் வேணாம் 5 கிலோவாட் ஹைபிரிட், பேட்டரியோட போடுங்க கரண்ட் போனாலும் கவலை இல்லன்னு 5 லட்சத்துக்கு மேல ஒரு பேப்பர் நீட்டறார். தலை சுத்துது.

இதுக்கு நடுவுல மச்சான் வேற, வீட்டு மேல எதுக்கு, கார் கூரையிலயே சோலார் ஒட்டிட்டா பெட்ரோலும் இல்ல கரண்டும் இல்ல சும்மாவே ஓடும்னு தினமும் ஒரு வீடியோ அனுப்பறார். மார்த்தாண்டம் பக்கம் மாமியார் வீடு ஓட்டு வீடு, அங்க ஓட்டுக்கு பதிலா சோலார் ஓடே போடலாமாம்ல, அதயும் கேட்டு சொல்லுங்கனு வீட்ல ஆர்டர். இன்னொண்ணு, எங்க வீட்டுக்கு மேற்கால பக்கத்து வீட்டு தென்னை மரம் ரெண்டு இருக்கு, சாயங்காலம் மாடில பாதி நிழல்.

3ஆ 5ஆ, பேட்டரி வேணுமா வேணாமா, கார் மேல போடறது உண்மையா உடான்ஸா. சொல்லுங்க.


பழைய_மின்வாரியம்:

தம்பி, நான் ஈபில இருந்து ரிட்டயர் ஆனவன். கொட்டேஷன அப்புறம் பாப்போம், மொதல்ல பில்ல எடுத்து கையில வைங்க.

எல்லாரும் பண்ற தப்பு என்னன்னா, எட்டாயிரத்த 1100ஆல வகுத்து யூனிட்டு ஏழு ரூபானு சராசரி போட்டு சோலார் கணக்கு பாக்கறது. நம்ம ஊர் ரேட்டு படிக்கட்டு மாதிரி. ரெண்டு மாசத்துக்கு மொதல் 100 யூனிட் இலவசம், அப்புறம் ரெண்டு ரூபா 35 காசு, 4.70, 6.30ன்னு ஏறி, 600 தாண்டினா 9.45, 800 தாண்டினா பத்தரை, ஆயிரத்துக்கு மேல பதினொண்ணரை ரூபா. சோலார் வெட்டறது அடியில இருந்து இல்ல, தலைப்பக்கத்துல இருந்து. அதாவது உங்க பதினொண்ணரை ரூபா யூனிட்டத்தான் மொதல்ல சாப்பிடும், அப்புறம் பத்தரை, அப்புறம் ஒம்போதரை பக்கம், அப்படியே கீழ எறங்கும். கீழ எறங்க எறங்க உங்களுக்கு மிச்சமாகற காசு கொறஞ்சிட்டே வரும்.

இன்னொரு சூட்சுமம் 500. ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட்டுக்குள்ள நின்னா இப்ப இருக்கற ரேட்டுல 1805 ரூபா. 501 ஆச்சுன்னா 2048. ஒரே ஒரு யூனிட்டு, 240 ரூபா சொச்சம். ஏன்னா 500 தாண்டினா அந்த ரெண்டு ரூபா 35 காசு படியே உங்களுக்கு கெடையாது, 101ல இருந்தே 4.70.

இப்ப உங்க கணக்கு. நம்ம பக்கம் ஒரு கிலோவாட் போட்டா சராசரி நாளைக்கு 4 யூனிட் தரும், 3 கிலோவாட்டுக்கு ரெண்டு மாசத்துல 700 யூனிட் சொச்சம். ஏப்ரல் மேல 1100ல 720 போனா மிச்சம் 380 யூனிட், பில்லு ஆயிரம் ஆயிரத்து நூறு ரூபாதான். எட்டாயிரம் கட்டின எடத்துல. ஐப்பசி கார்த்திகைல மழை, மேகம், கிலோவாட்டுக்கு 3 யூனிட் வந்தா பெருசு, ஆனா அப்ப உங்க செலவும் கம்மி, 650ல 540 போனா நூத்தி பத்து, பில்லு இருவது ரூபா. வருஷத்துக்கு மொத்தமா பாத்தா ஒரு முப்பதாயிரம் மிச்சமாகும்னு வைங்க. உற்பத்திக்கு நெட்வொர்க் சார்ஜ்னு ஒரு வரி பில்லுல சேரும், வீட்டுக்கு அது சலுகை ரேட்டுதான், பெருசா பயப்பட வேணாம்.

பகல்ல நீங்க ஆபீஸ் போயிட்டா கரண்டு வீணாகாதானு கேப்பீங்க. ஆகாது. ரெண்டு பக்கமும் ஓடற மீட்டர் வைப்பாங்க, பகல்ல லைனுக்கு போறது கணக்குல ஏறும், ராத்திரி ஏசிக்கு எடுக்கறது அதுல கழியும், மிச்சம் இருந்தா அடுத்த பில்லுக்கு போகும். ஆனா நெறைய உற்பத்தி பண்ணி வித்து சம்பாதிக்கலாம்னு மட்டும் நெனச்சு பெருசா போட்டுடாதீங்க, வீட்டு மாடி அதுக்கு இல்ல.

கடைசியா ஒண்ணு, இத எவனும் விக்கும்போது சொல்ல மாட்டான். ஆன்கிரிட்ல, அதாவது பேட்டரி இல்லாம ஈபி லைனோட சேந்து ஓடற சோலார்ல, கரண்டு போனா உங்க சோலாரும் நின்னுடும், வெயில் மண்டைய பொளந்தாலும் நின்னுடும். மிஷின் கெட்டுப்போச்சுனு போன் பண்ணாதீங்க. கம்பத்து மேல லைன் ஆஃப் பண்ணிட்டு எங்க ஆளு ஒருத்தன் கை வெச்சுட்டு இருப்பான், உங்க மாடியில இருந்து கரண்டு அந்த கம்பிக்கு வந்தா அவன் கதி? அதுக்காகத்தான் பேனல் கரண்ட வீட்டு கரண்டா மாத்தற அந்த சோலார் இன்வெர்ட்டர் தானா நிக்கற மாதிரி செஞ்சிருக்கு.


உறையூர்வாசி:

ஐயா இந்த 500 யூனிட் விஷயம் இத்தனை வருஷமா பில்லு கட்டறேன் எனக்கு தெரியாது. அப்ப காருக்கும் சேத்து 5 கிலோவாட்டா?


கோவை_சோலார்காரன்:

ஏனுங்க, பத்து வருசமா இதே தொழில்தானுங்க, அதனால நான் சொல்றத கொஞ்சம் சந்தேகமாவே படிச்சுக்கங்க, ஆனா உங்களுக்கு நான் விக்கப்போறதில்ல, திருச்சி நம்ம ஏரியா இல்ல.

மொதல்ல அந்த 1 லட்சத்து 65. 2024 பிப்ரவரில வந்த பிரதமர் சூர்ய கர் திட்டத்துல மானியம் எப்படின்னா, மொதல் ரெண்டு கிலோவாட்டுக்கு கிலோவாட்டுக்கு 30 ஆயிரம், மூணாவதுக்கு 18 ஆயிரம், ஆக 78 ஆயிரம். அதுக்கு மேல நீங்க 5 போட்டாலும் 10 போட்டாலும் அதே 78தானுங்க. ஆனா இந்த மானியம் வேணும்னா டிசிஆர் பேனல் போடணும், அதாவது உள்ள இருக்கற செல்லும் இந்தியாவுல செஞ்சதா இருக்கணும், வெறும் சட்டம் கட்டி கண்ணாடி ஒட்டினது மட்டும் இங்கன்னா ஆகாது. டிசிஆர் இல்லாத பேனல் வாட்டுக்கு நல்லாவே கொறைவு, அதான் அவர் சிரிப்போட ரகசியம்னு நெனைக்கறேன். பேனல் சீரியல் நம்பர திட்டத்தோட போர்ட்டல்ல ஏத்தணும், அங்க மாட்டிக்கும், உங்க 78 ஆயிரம் வராது. 1.65 கொட்டேஷன்ல டிசிஆர்னு எழுத்துல இருக்கானு பாருங்க, வாய்ல சொன்னா எடுத்துக்காதீங்க.

1.95 நியாயமான ரேட்டுதானுங்க, ஆனா ஜிஎஸ்டி எப்படி போட்டிருக்காங்கனு பாருங்க. 2025 செப்டம்பர் 22ல இருந்து சோலார் சாமானுக்கு 12 சதவீதம் போய் 5 ஆயிடுச்சு. மொத்த வேலையா எடுத்து செஞ்சு குடுக்கும்போது 70 பங்கு சாமான் 30 பங்கு கூலினு பிரிச்சு, 70க்கு 5ம் 30க்கு 18ம், கூட்டினா 8.9 வரும். முன்ன 13.8 இருந்துச்சு. பழைய கொட்டேஷன அப்படியே தேதி மாத்தி குடுக்கற ஆளுங்க இன்னும் இருக்காங்க.

1.95ல 78 கழிச்சா உங்க கையில இருந்து 1 லட்சத்து 17 ஆயிரம். ஐயா சொன்ன முப்பதாயிரத்தால வகுத்தா நாலு வருசம். இதுல ஒண்ணு, மானியம் பின்னாடிதான் உங்க பேங்க் கணக்குக்கு வரும், மொதல்ல முழுசா நீங்கதான் கட்டணும். இல்லாட்டி அரசு பேங்குல 3 கிலோவாட் வரைக்கும் 2 லட்சம் வரை ஜாமீன் இல்லாம லோன் இருக்கு, 10 சதவீதம் நம்ம கைக்காசு.

5ஆ 3ஆனு கேட்டா, காரு வர்றது உறுதின்னாத்தான் 5. மாசம் ஆயிரம் கிலோமீட்டர், யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர்னா ரெண்டு மாசத்துக்கு 290 யூனிட் கூடும். வெயில் காலத்துல 1390 ஆகும், 3 கிலோவாட் போட்டிருந்தா 670 மிச்சம், மறுபடி 500 தாண்டிட்டீங்க, மூவாயிரத்து ஐநூறு பக்கம் பில்லு. 5 போட்டா 190 யூனிட்டு, இருநூறு ரூபா பில்லு. ஆனா அந்த மேல ரெண்டு கிலோவாட்டுக்கு மானியம் இல்ல, லட்சம் ஆகும், அதோட வருமானம் மொதல் மூணு மாதிரி வராதுங்க. என் யோசனை, இப்ப 3 போட்டு இன்வெர்ட்டர் மட்டும் 5 கிலோவாட்டா வாங்கிக்கங்க, பேனல தாங்கற ஸ்ட்ரக்சர்லயும் இன்னும் நாலு பேனலுக்கு எடம் விடச் சொல்லுங்க. கார் வாசலுக்கு வந்தப்புறம் ஏத்திக்கலாம், அதுக்கும் முறையா அனுமதி வாங்கித்தான்.

பேட்டரி வேணாம்னு நான் சொல்லல, திருச்சி டவுனுக்குள்ள எத்தனை மணி நேரம் கரண்ட் போகுது? மாசத்துல ரெண்டு தடவை ஒரு மணி நேரம் போறதுக்கு லட்ச ரூபாய்க்கு மேல லித்தியம் பேட்டரி எதுக்குங்க. பேட்டரிக்கு மானியமும் கெடையாது. வீட்ல கரண்ட் போனா ஓடற பழைய பேட்டரி இன்வெர்ட்டர் இருந்தா அதே ஃபேனுக்கும் லைட்டுக்கும் போதும்.

தென்னை மரம்தான் எனக்கு கவலை. பேனல் எல்லாம் வரிசையா ஒரே சங்கிலியா கோத்திருக்கும், ஒரு பேனல் மேல மட்டை நிழல் விழுந்தா மத்ததையும் இழுக்கும். நிழல் நாலு மணிக்கு அப்புறம்தான்னா விடுங்க, அப்ப பெருசா உற்பத்தி இல்ல. ரெண்டு மணிக்கே விழுதுன்னா எடத்த மாத்துங்க, இல்லாட்டி மைக்ரோ இன்வெர்ட்டர், பேனலுக்கு ஒண்ணு, காசு கூட ஆகும். தெக்கு பாத்து பத்து பன்னெண்டு டிகிரி சாய்வு, அதுக்கு மேல நம்ம ஊருக்கு வேண்டியதில்ல.

அப்புறம் வாட்டு கணக்குல ஏமாறாதீங்க, 550 வாட்னு எழுதியிருக்கறது 25 டிகிரி சூட்டுல. உங்க ஊர்ல சித்திரை மத்தியானம் பேனல் தொட்டா 65 டிகிரி இருக்கும், ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3ல இருந்து 0.35 சதவீதம் போகும், அங்கயே பன்னெண்டு பதினாலு சதவீதம் காலி. டாப்கான் வகை பேனல் சூட்டுல கொஞ்சம் கம்மியா எறங்கும், விலை வித்தியாசம் சின்னதுன்னா அத எடுங்க.


மீனாட்சிபட்டணம்_அக்கா:

நாங்க மதுரைல 3 கிலோவாட் போட்டு ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு, மானியம் வந்துருச்சு, பில்லுல நிம்மதிதான். ஆனா போட்டவங்க யாரும் சொல்லாத ரெண்டு விசயம் நான் சொல்றேன்.

எங்களுக்கு போட்ட ஆளு (பேரு வேணாம் விடுங்க) பேனல் ஸ்டாண்டோட கால் வைக்க தட்டோடு பதிச்ச தளத்துல நேரா ட்ரில் போட்டு போல்ட்ட எறக்கிட்டு போயிட்டாரு. அந்த வருச மழைல மாடி ரூம்பு சீலிங்குல ஈரம், பெயிண்டு உரிஞ்சு கொட்டுச்சு. கூப்ட்டா எடுக்கல, எடுத்தா நாளைக்கி வாரேன்னாரு. கடைசில நாங்களே கொத்தனார வச்சு ஒவ்வொரு காலுக்கும் சுத்தி சிமெண்டு மேடை கட்டி கெமிக்கல் பூசினோம், அதுக்கு தனியா பதினோராயிரம். அதனால தளத்துல ஓட்டை போடாம கான்கிரீட் கட்டை வார்த்து அதுமேல கால் நிறுத்தச் சொல்லுங்க, மொதல்லயே பேசிருங்க.

இன்னொண்ணு உயரம். நான் ஒத்தக்கால்ல நின்னு ஏழடிக்கு தூக்கி போட வச்சேன், கூட ஒரு இருவதாயிரம் ஆச்சு, வீட்டுக்காரர் மொகத்த தூக்கி வச்சுக்கிட்டாரு. இப்ப அந்த நிழல்லதான் அவரு சாயங்காலம் சேர் போட்டு ஒக்காந்து பேப்பர் படிக்கிறாரு. துணி காயப்போட கயிறு கட்டியாச்சு. வத்தல் வடகம் மட்டும் இப்ப மாடி ஓரத்துல.

தண்ணி ஊத்தி கழுவுறதுல கவனம், எங்க போர் தண்ணி உப்பு, வெயில்ல கழுவுனா வெள்ளையா திட்டு திட்டா படிஞ்சு அப்புறம் போகவே மாட்டேங்குது. காலைல வெயில் ஏறதுக்கு முன்னாடி, நல்ல தண்ணி, மெத்துனு துடைப்பான். பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா. புறா அடியில கூடு கட்டும், வலை போட்டுருங்க.


ஹோசூர்_நட்டுபோல்ட்டு:

மச்சான் வீடியோ விஷயத்துக்கு நான் வரேன், வண்டி டிசைன் வேலைல இருக்கேன், இந்த கேள்வி எங்க வீட்டு கல்யாணத்துல எல்லாம் கேக்கறாங்க.

கார் கூரைல செல்லு பதிக்கற எடம் எவ்ளோ? ஒண்ணரை சதுர மீட்டர், நல்ல பெரிய வண்டின்னா ரெண்டு. அதுல 300லருந்து 400 வாட். வீட்டு மாடில சாய்ச்சு வெச்ச பேனல் மாதிரி இல்ல இது, படுத்த வாக்குல வளைஞ்சு கெடக்கும், ஒரு பக்கம் மரம், ஒரு பக்கம் பஸ்ஸு நிழல். நாளைக்கு ஒரு யூனிட், ரொம்ப நல்ல வெயில்னா ஒண்ணே கால். எட்டு கிலோமீட்டர் ஓடும். அவ்ளோதான் பாஸ். அதுவும் வண்டிய முழு நாள் மொட்டை வெயில்ல நிறுத்தினாத்தான், அப்படி நிறுத்திட்டு ஏறி ஒக்காந்தா சீட்டு சுடும், ஏசிய முழுசா வைப்பீங்க, சம்பாதிச்சதுல ஒரு பங்கு அங்கயே போச்சு.

பெரிய கம்பெனிங்க முயற்சி பண்ணாம இல்ல. டொயோட்டா பிரையஸ் பிளக்கின்ல 180 வாட் கூரை வெச்சாங்க, ஹூண்டாய் சொனாட்டா ஹைபிரிட்ல 2019ல வந்தது 205 வாட். ரெண்டுமே ஒரு ஒத்தாசை அவ்ளோதான், அதுல மட்டும் வண்டி ஓடறதில்ல. சோலாரையே முழுசா நம்பி எறங்கினவங்க நெதர்லாந்து லைட்இயர், வண்டி விலை ரெண்டரை லட்சம் யூரோ, 2023 ஜனவரில திவால். அடுத்த மாசமே ஜெர்மனி சோனோ மோட்டார்ஸ் தன்னோட சியான் காரையே கைவிட்டுட்டாங்க.

நம்ம ஊர்ல புனேக்காரங்க வேவ் ஈவானு ஒரு குட்டி கார் 2025 ஜனவரி கண்காட்சில வெலை சொன்னாங்க, பேட்டரிய வாடகைக்கு எடுத்தா 3.25 லட்சத்துல ஆரம்பம், சோலார் கூரை தனி ஆப்ஷன். அவங்க கணக்குப்படி வருஷத்துக்கு 3000 கிலோமீட்டர் வரை சூரியன்ல, நாளைக்கு பத்து. குட்டி வண்டி, எடை கம்மி, அதான் அந்த பத்தாவது வருது. ரெண்டு டன் எஸ்யூவி மேல அதே பேனல ஒட்டினா அதுல பாதி தேறாது.

நம்ம பெரம்பூர் ஐசிஎஃப் ரயில் பெட்டி தொழிற்சாலைல செஞ்ச டெமு ரயில் (டீசல்ல ஓடற பாசஞ்சர்) ஒண்ணு 2017 ஜூலைல டெல்லில விட்டாங்க, பேனல் போட்ட ஒவ்வொரு பெட்டி கூரையிலயும் 300 வாட் பேனல் பதினாறு. ஒரு முழு ரயில் பெட்டி கூரை சார். அது ஓட்டினது என்ன தெரியுமா, உள்ள இருக்கற லைட்டும் ஃபேனும். ரயில இழுத்தது டீசல்தான். ஆனா அதே வருஷம் ஜனவரில கேரளா வைக்கத்துல விட்ட ஆதித்யா படகு உண்மையாவே சூரியன்ல ஓடுது, 75 பேர், கூரைல 20 கிலோவாட். ஏன்னா படகுக்கு கூரை பெருசு, வேகம் கம்மி, வேம்பநாட்டுக் காயல்ல மரமும் இல்ல மேம்பாலமும் இல்ல.

வெளிய கடைல வாங்கி கார் மேல நீங்களா ஒட்டறது சரிப்படாது. ஆர்சில இருக்கற வண்டிய இஷ்டத்துக்கு மாத்தக்கூடாதுனு மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவே இருக்கு, இன்சூரன்ஸ்காரன் அதத்தான் மொதல்ல தேடுவான். கார் பேட்டரில வெளி சோலார நேரா சொருகவும் எடம் கெடையாது. அதுக்கு பதிலா அதே ஒரு பேனல வீட்டு மேல கூட போட்டா முப்பதாயிரம் ஆகும், தினம் ரெண்டு யூனிட்டுக்கு மேல, 14 15 கிலோமீட்டர், வண்டி நிழல்ல குளுகுளுன்னு நிக்கும். வாசல்ல கார் நிறுத்த எடம் இருந்தா ஷெட்டுக்கு தகரம் போடறதுக்கு பதிலா பேனலையே கூரையா போடுங்க, என்னைக் கேட்டா கார் மேல சோலார்னா அதுதான்.


குழித்துறைக்காரன்:

மார்த்தாண்டம்னு பாத்ததும் வந்துட்டேன், நம்ம ஊராச்சே.

சோலார் ஓடு ஆசை இங்கயும் பலபேருக்கு இருக்கு. டெஸ்லாக்காரங்க 2016ல காட்டினாங்களே அந்த ஓடு, அது இந்தியாவுல விக்கறதில்ல. ஹைதராபாத் விசாகா இண்டஸ்ட்ரீஸ் ஆட்டம்னு ஒண்ணு செய்யுது, சிமெண்ட் போர்டுல செல்லு பதிச்சு கூரையும் அதுவே பேனலும் அதுவே. புதுசா கார் ஷெட்டோ குடோனோ கட்டறவனுக்கு அது யோசிக்கலாம், இருக்கற ஓட்ட பிரிச்சு போட்டுட்டு அத மாட்டறது வீண் செலவு.

பழைய மங்களூர் ஓட்டு மேல சாதா பேனல் வைக்க முடியும். ஓட்டுக்கு அடியில கை மரத்துல கொக்கி அடிச்சு, ரெண்டு ஓட்டுக்கு நடுவுல அத வெளிய கொண்டுவந்து, அதுமேல அலுமினிய சட்டம். ஓட்டுல கனம் தாங்கக்கூடாது, முழுசும் மரத்துக்கு போகணும். பேனல் ஒண்ணு 28 கிலோ வரும், பரவி நிக்கறதால அது பெருசில்ல, பிரச்சனை கை மரமும் ரீப்பரும் எந்த நெலமையில இருக்குங்கறதுதான். கரையான் தின்னு அம்பது வருசம் ஆன மரம்னா ஆசாரிய ஏத்தி தட்டி பாத்துட்டு பேசுங்க. ஏறுறவன் காலுக்கு இருவது ஓடு ஒடையும், இப்ப ஓடு தேடி அலையணும்.

அதுக்கும் மேல, நம்ம பக்கம் ரெண்டு பருவமும் மழை, வீட்ட சுத்தி தெங்கும் பலாவும் ரப்பரும். வயசானவங்க ரெண்டு பேர் இருக்கற வீட்டுக்கு ரெண்டு மாசத்துக்கு எத்தனை யூனிட் ஓடப்போகுது? 200க்குள்ளன்னா பில்லே இருநூத்தி சொச்சம், அதுக்கு சோலார் எதுக்கு. பின்னாடி குளிமுறியோ தொழுத்தோ (மாட்டுக் கொட்டகை) கான்கிரீட்ல இருந்தா அதுமேல ஒரு கிலோவாட், இல்லன்னா விட்டுடுங்க. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு கூரை இருந்தா அதுல யாரையும் ஏத்தவோ ட்ரில் போடவோ விடாதீங்க, ஷீட்டும் முறியும், அந்த தூசி நெஞ்சுக்கு ஆகாது.


திருத்துறைப்பூண்டி_பய:

ஏழடி ஒசரம்னு அக்கா சொன்னாங்க, சரிதான், ஆனா ஒசரம் கூட கூட காத்து புடிக்கும். 2018 நவம்பர் கஜா புயல்ல எங்க தெருவுல கூரை பறந்தத பாத்தவன் நான். கொட்டேஷன்ல எத்தனை கிலோமீட்டர் காத்துக்கு ஸ்ட்ரக்சர்னு எழுதி வாங்குங்க. சூடா துத்தநாகம் பூசின ஜிஐயா இல்ல சும்மா பெயிண்டு அடிச்ச இரும்பானு சுரண்டி பாருங்க. இடிதாங்கிக்கு ஒரு எர்த்து, பேனல் பக்கத்துக்கு ஒண்ணு, வீட்டு பக்கத்துக்கு ஒண்ணு, மூணு குழி தனித்தனியா. ஒரே குழில மூணையும் முடியறவன் வேணாம்.


நெடுஞ்சாலை_நைட்கடை:

ஹோசூர் நண்பர் சொன்னது காருக்கு சரி, ஆனா வண்டி மேல சோலாரே வேஸ்ட்னு யாரும் முடிவு பண்ணிடாதீங்க, வண்டிய ஓட்டறதுக்கு வேஸ்ட், வண்டிக்குள்ள ஓட்டறதுக்கு இல்ல.

எனக்கு சேலம் பைபாஸ்ல சாப்பாட்டு வண்டி, பழைய டாடா 407 வேன்ல அடிச்சது. முன்ன சின்ன ஜெனரேட்டர், சத்தத்துலயே பாதி கஸ்டமர் தள்ளி போய் ஒக்காருவான், தினம் முன்னூறு ரூபா பெட்ரோல். இப்ப மேல 330 வாட் பேனல் ஒண்ணு, பேனல் கரண்ட பேட்டரில சரியா ஏத்தற எம்பிபிடி கண்ட்ரோலர், 12 வோல்ட் 100 ஆம்பியர் லித்தியம் பேட்டரி, எல்லாம் சேத்து நாப்பத்தஞ்சு ஐம்பதாயிரத்துக்குள்ள முடிஞ்சது. எல்இடி லைட் நாலு, ரெண்டு டிசி ஃபேன், ஒரு சின்ன டிசி ஃபிரிட்ஜ், கியூஆர் பேசற டப்பா, ராத்திரி பதினோரு மணி வரை ஓடுது. இண்டக்‌ஷன் அடுப்பு வைக்கலாமானு மட்டும் கேக்காதீங்க, அது ஒரு மணி நேரத்துல பேட்டரிய நக்கிடும், அதுக்கு கேஸ்தான்.

மொதல்ல நான் வாங்கினது அந்த வளையற பேனல், எடை கம்மினு சொல்லி ஒட்டிக்குடுத்தாங்க. தகரத்தோட ஒட்டி கெடந்ததுல காத்து போக வழியில்ல, ரெண்டு கோடைல உப்பி கொப்புளம் கொப்புளமா போச்சு, பாதி வாட்டு கூட வரல. இப்ப கண்ணாடி பேனல்தான், கூரைக்கும் அதுக்கும் நடுவுல மூணு இஞ்சு எடைவெளி.

திருவண்ணாமலை பொண்ணு வினிஷா உமாசங்கர் செஞ்ச இஸ்திரி வண்டி ஞாபகம் இருக்கா, 2021ல கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டுல கூட பேசுச்சே, கரி பெட்டிக்கு பதிலா வண்டி கூரைல சோலார். அது ஏன் சரியா வருதுன்னா வண்டி நாள் பூரா தெருவுல நின்ன எடத்துல நிக்கும், தள்ளறது மனுஷன். நம்ம கடையும் அதே கதைதான்.


உறையூர்வாசி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து அந்த 1.65காரருக்கு போன் போட்டு டிசிஆர்னு எழுதி தருவீங்களானு கேட்டேன், மானியம் வேணும்னா 2.05 ஆகும் சார்ன்னார். கோவைக்காரர் சொன்னது அப்படியே. 1.95காரர் கான்கிரீட் கட்டைக்கு ஒத்துக்கிட்டார், 5 கிலோவாட் இன்வெர்ட்டருக்கு கூட பத்து பன்னெண்டாயிரம் ஆகும்னு சொல்றார், எர்த்து மூணு குழினு கேட்டதும் கொஞ்சம் முழிச்சார், எழுதி வாங்கிட்டேன்.

ஒரு சந்தேகம் மிச்சம். இன்னைக்கு மாடி ஏறி சாக்பீஸ்ல நிழல் கோடு போட்டேன், ரெண்டரைக்கு மேற்கு கைப்பிடிய தொடுது, மூணேகாலுக்கு பாதி மாடி. இது இப்ப இருக்கற சூரியனுக்கு. தை, சித்திரை, ஆடினு சூரியன் நகருமே, அப்ப இந்த கோடும் நகருமா? எவ்ளோ நகரும்னு எப்படி பாக்கறது?

மச்சானுக்கு இந்த லிங்க அனுப்பிட்டேன், படகு சூப்பர்னு மட்டும் பதில் வந்துச்சு.


கோவை_சோலார்காரன்:

நகருமுங்க. மார்கழில சூரியன் தெக்கால சாஞ்சு போகும், நிழல் நீளமா வடகிழக்கால விழும். ஆனி ஆடில உங்க ஊர் தலைக்கு மேல தாண்டி கொஞ்சம் வடக்காலயே போகும், அப்ப நிழல் தென்கிழக்கால திரும்பும். போன்ல சூரிய பாதை காட்டற ஆப் நெறைய இருக்கு, மாடில பேனல் வைக்கற எடத்துல நின்னு கேமராவ மரத்துப்பக்கம் காட்டினா எந்த மாசம் எத்தனை மணிக்கு மட்டைக்கு பின்னாடி போகுதுனு கோடு போட்டு காட்டும். மார்கழிக்கும் ஆனிக்கும் ரெண்டையும் பாத்து போட்டோ எடுத்து இங்க போடுங்க, எடம் குறிச்சு தரேன். அதுவரைக்கும் அட்வான்ஸ் குடுக்க வேணாம்.